எழுத்து நாட்டுடைமை ஆச்சு, படம் யாருடையது?

கல்கியின் எழுத்துகளைத் தமிழக அரசு 1999ல் நாட்டுடைமை ஆக்கியது. அன்றிலிருந்து 'பொன்னியின் செல்வன்' எல்லோருக்கும் பொது. யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், விற்கலாம், இணையத்தில் போடலாம். 2022லும் 2023லும் மணிரத்னத்தின் இரண்டு படங்களும் வந்தபோது நாவலின் விற்பனை இன்னொரு முறை சூடு பிடித்தது. புதுப்புதுப் பதிப்புகள் வந்தன. ஐந்து பாகமும் சேர்த்து மலிவு விலையில் கிடைத்தது. எழுபது வருஷத்துக்கு முந்தைய ஒரு நாவலை இன்றைய பிள்ளைகள் காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்றால் அது சந்தோஷம்தான்.

ஆனால் அந்தப் புத்தகங்களில் எழுத்து மட்டுமா இருக்கிறது? குதிரை மேல் வந்தியத்தேவன், கொண்டை போட்ட குந்தவை, பார்வையாலேயே ஆளைக் கொல்லும் நந்தினி என்று படங்களும் இருக்கின்றன. பல பேருக்கு நாவல் என்றதும் ஞாபகம் வருவதே அந்த முகங்கள்தான். அவற்றை வரைந்தது யார்?

ஜித்தாவில் ஷரஃபியா பகுதியில் இருப்பவர்களுக்குத் தெரியும், இங்கே தமிழ்ப் புத்தகம் என்பது ஊரிலிருந்து யாராவது பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தால்தான் உண்டு. ஐந்து பாகம் என்றால் பெட்டியில் கிலோக்கணக்கில் இடம் போய்விடும். அப்படி வந்து சேர்ந்த மூன்று வெவ்வேறு பதிப்புகளை நண்பர்களின் அறைகளில் பார்த்தேன். மூன்றிலும் பழைய படங்கள் இருந்தன. ஒன்றில் மட்டும்தான் ஓவியரின் பெயர் இருந்தது. மற்ற இரண்டில் அச்சகத்தின் பெயர் இருக்கிறது, அட்டையை வடிவமைத்தவர் பெயர் இருக்கிறது, ஏன், தொலைபேசி எண்கூட இருக்கிறது. வரைந்தவர் பெயர் மட்டும் இல்லை.

வரைந்தவர் பெயர் மணியம். கல்கி பத்திரிகையில் 1950 அக்டோபரில் 'பொன்னியின் செல்வன்' தொடராகத் தொடங்கி 1954 வரை, ஏறக்குறைய மூன்றரை வருஷம், வாராவாரம் அதற்குப் படம் போட்டவர். கதை நடக்கும் இடங்களைப் பார்க்கக் கல்கி போனபோது கூடவே போய் சிற்பங்களையும் நகைகளையும் பார்த்துக் குறிப்பெடுத்து வரைந்தவர். சோழர் காலத்துப் பெண் எப்படிக் கொண்டை போட்டிருப்பாள் என்று இன்று நம் மனசில் ஒரு படம் இருக்கிறதென்றால், அதில் பாதி அவர் போட்ட கோடு. அதே கதை கல்கியில் மறுபடி மறுபடி தொடராக வந்தபோது வினு, பத்மவாசன் போன்றவர்களும் வரைந்தார்கள். ஒவ்வொருவர் கையும் வேறு. பெயர் போடாமல் அச்சடித்தால் யார் கை எது என்பதே தெரியாமல் போய்விடுகிறது.

இந்த விஷயம் என் மண்டையில் ஏறியது தமிழ்ப் புத்தகம் வழியாக அல்ல, ஒரு விளையாட்டு வழியாக. வாரக் கடைசியில் நாங்கள் ஐந்தாறு பேர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாடுவோம். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: இது கம்ப்யூட்டர் கேம் இல்லை. ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் வீரனாகவோ மந்திரவாதியாகவோ திருடனாகவோ பாத்திரம் ஏற்று, பகடை உருட்டி விளையாடுவது. கையில் இருப்பது ஒரு விதிப்புத்தகம், பகடை, பேப்பர், பென்சில். அவ்வளவுதான். அதனால் அந்தப் புத்தகத்தில் இருக்கும் ஓவியங்கள் ரொம்ப முக்கியம். குகை எப்படி இருக்கும், அரக்கன் எப்படி இருப்பான் என்று கண்ணுக்குக் காட்டுவது அவைதான்.

இந்த விளையாட்டுக்காரர்கள் மத்தியில் ஓயாத ஒரு சண்டை உண்டு. புதுப் புத்தகம் என்று முழு விலை வாங்கிவிட்டு உள்ளே பழைய படங்களைப் போடலாமா? ஒரு கட்சி, "இது ஏமாற்று வேலை, ஏற்கெனவே வாங்கின படத்துக்கு ரெண்டாவது தடவை ஏன் காசு கொடுக்கணும்?" என்று கேட்கும். இன்னொரு கட்சி, "பழைய படம்தான் அந்த விளையாட்டின் உயிர், அதை எடுத்துட்டா வேற என்ன இருக்கு?" என்று கேட்கும். சின்னப் பதிப்பாளர்கள் மூன்றாவது வழியில் போகிறார்கள். ஓவியருக்குக் கொடுக்கப் பணம் இல்லாததால், 1883ல் இறந்துபோன குஸ்தாவ் டோரே மாதிரி, காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துபோன பெரிய ஓவியர்களின் படங்களை எடுத்துப் போட்டுப் புத்தகம் செய்கிறார்கள்.

என் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். பழைய படத்தைப் புதுப் புத்தகத்தில் போடுவதில் தப்பே இல்லை. நல்ல படம் திரும்பத் திரும்ப அச்சில் வரத்தான் வேண்டும், இல்லையென்றால் மறந்துபோகும். தப்பு இரண்டு இடத்தில்தான். வரைந்தவரின் பெயரை விடுவது ஒன்று. உரிமை இன்னும் அவருக்கோ குடும்பத்துக்கோ இருக்கும்போது கேட்காமல், கொடுக்காமல் எடுப்பது இன்னொன்று.

பெயர் என்பது வெறும் மரியாதைக்கு என்று நினைப்பவர்களுக்கு டேவிட் டிராம்பியரின் கதையைச் சொல்ல வேண்டும். 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டின் 1978 விதிப்புத்தக அட்டையை வரைந்தவர் அவர். ஒரு பிரம்மாண்டமான அரக்கன் சிலை, அதன் கண்ணில் பதித்த ரத்தினத்தை இரண்டு திருடர்கள் நெம்பி எடுக்கிறார்கள். இந்த விளையாட்டின் உலகத்தில் அதைவிடப் பிரபலமான அட்டை இல்லை என்றே சொல்லலாம். அதைப் பார்த்து வரைந்தவர்கள், கிண்டல் செய்து வரைந்தவர்கள் எத்தனையோ பேர். வரைந்த மனிதரோ 1980களின் கடைசியில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒதுங்கிப்போனார். எங்கே போனார் என்று ரசிகர்களுக்குத் தெரியவில்லை. 2002ல் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் கார்பன்டேல் என்ற ஊரில், ஒரு மாணவர் பத்திரிகை டாக்சி ஓட்டுநர் ஒருவரைப் பற்றி எழுதியபோதுதான் அது அவர் என்று தெரிந்தது. 2012ல் அந்தப் பழைய விதிப்புத்தகங்களை நிறுவனம் மறுபடி அச்சிட்டது, உள்ளே அதே பழைய படங்களோடு. விற்பனையில் ஒரு பங்கு, விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸின் நினைவுச்சின்ன நிதிக்குப் போனது. 2014ல் டிராம்பியர் இறந்தார்.

இதில் யாரும் சட்டத்தை மீறினார்கள் என்று நான் சொல்லவில்லை. கவனிக்க வேண்டியது வேறு. டிராம்பியர் எங்கே என்று ரசிகர்கள் அத்தனை வருஷம் ஏன் தேடினார்கள்? பெயர் புத்தகத்தில் இருந்ததால்தான் தேடினார்கள். பெயரே இல்லாத ஓவியர் காணாமல் போனால், காணாமல் போனார் என்பதே யாருக்கும் தெரியாது.

நம் பக்கத்திலும் இதே கதை இருக்கிறது. 1972ல் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதலில் வந்தது 'இரும்புக்கை மாயாவி'. என் அப்பா தலைமுறையில் அதைப் படிக்காதவர்கள் குறைவு. மின்சாரம் பாய்ந்ததும் உடம்பு மறைந்து இரும்புக்கை மட்டும் காற்றில் மிதக்கும் அந்தப் படங்கள் பிரிட்டனின் வேலியண்ட் வார இதழில் 1962ல் தொடங்கிய தொடரிலிருந்து வந்தவை. வரைந்தவர் ஹேசுஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பெயின்காரர். அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் காமிக்ஸ் பத்திரிகைகள் ஓவியர் பெயரை அச்சிடுவதில்லை. அதனால் லண்டனில் படித்த பையனுக்கும் தெரியாது, சிவகாசியிலிருந்து வந்த புத்தகத்தை மதுரையில் படித்த பையனுக்கும் தெரியாது. மாயாவியின் கையை வரைந்த கை யாருடையது என்று ஒரு தலைமுறையே தெரியாமல் வளர்ந்தது. பிளாஸ்கோ 1995ல் இறந்தார். பிறகு அந்தப் பழைய காமிக்ஸ்களின் உரிமையை ரெபெல்லியன் என்ற ஆக்ஸ்ஃபோர்ட் நிறுவனம் வாங்கி, அவர் பெயரைப் போட்டே மறுபதிப்பு வெளியிட்டது. பழைய படத்தைப் புதுப் புத்தகத்தில் போடுவதால் கிடைக்கும் பெரிய நன்மையே இதுதான். முதல் தடவை செய்த அநியாயத்தை இரண்டாவது தடவை சரிசெய்யலாம். மறுபதிப்பு என்பது அப்படி ஒரு வாய்ப்பு. நம்மாளுங்க பல பேர் அந்த வாய்ப்பை வீணாக்குகிறார்கள், அதுதான் என் வருத்தம்.

இனி சட்டத்துக்கு வருவோம். நாட்டுடைமை என்றால் என்ன? எழுத்தாளரின் எழுத்து மேல் உள்ள உரிமையை அரசு எடுத்துக்கொண்டு மக்களுக்குப் பொதுவாக்குகிறது. வாரிசுகளுக்கு ஒரு தொகை தருகிறது. 1949ல் பாரதியின் படைப்புகளில் தொடங்கிய நல்ல வழக்கம் இது. ஆனால் கல்கியின் எழுத்தைப் பொதுவாக்கினால் மணியத்தின் கோடும் பொதுவாகிவிடாது. ஒரே பக்கத்தில் அச்சானாலும் எழுத்து ஒரு படைப்பு, படம் இன்னொரு படைப்பு. இந்தியாவின் 1957ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டப்படி, வரைந்தவர் வாழ்நாளும் அவர் இறந்த பிறகு 60 வருஷமும் உரிமை நிற்கும். மணியம் 1968ல் இறந்தார். கணக்குப் போட்டுப் பாருங்கள், 2028 டிசம்பர் 31 வரை அந்தப் படங்களுக்கு உரிமை உண்டு.

"பத்திரிகைதானே காசு கொடுத்து வரையச் சொன்னது, உரிமை பத்திரிகைக்குத்தானே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சட்டத்தின் 17ஆம் பிரிவு இதற்குப் பதில் சொல்கிறது. பத்திரிகையில் வேலை பார்க்கும் ஒருவர் அந்தப் பத்திரிகைக்காக வரைந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில், பத்திரிகைகளில் வெளியிடும் உரிமை மட்டும் முதலாளிக்கு. புத்தகம் உட்பட மற்ற எல்லாவற்றுக்கும் உரிமை வரைந்தவருக்கு. அந்தச் சட்டம் வருவதற்கு முன்பு வரைந்த படங்களுக்கு, அன்றைய சட்டத்தையும் ஒப்பந்தத்தையும் பார்த்துத்தான் உரிமை ஓவியர் குடும்பத்திடமா பத்திரிகையிடமா என்று முடிவு செய்ய வேண்டும். எப்படிப் பார்த்தாலும் ஒன்று நிச்சயம்: மூன்றாவதாக வரும் பதிப்பாளருக்கு அது சும்மா கிடைத்த சொத்து இல்லை. இரண்டில் ஒரு கதவைத் தட்டித்தான் ஆக வேண்டும்.

பெயர் விஷயம் இதையும் தாண்டியது. 57ஆம் பிரிவின்படி, உரிமையையே விற்றுவிட்டாலும் "இது நான் செய்தது" என்று சொல்லும் உரிமை படைத்தவரிடமே இருக்கும். படைப்பைச் சிதைக்கக் கூடாது என்று கேட்கும் உரிமையும் அவருக்கு உண்டு. டெல்லி விஞ்ஞான் பவனில் அமர்நாத் சேகல் செய்த பெரிய வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை 1979ல் அவரிடம் சொல்லாமலேயே கழற்றிக் கிடங்கில் போட்டார்கள். அவர் வழக்குப் போட்டார். 2005ல் டெல்லி உயர் நீதிமன்றம், மிச்சமிருந்ததை அவரிடமே திருப்பிக் கொடுக்கவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் மத்திய அரசுக்கு உத்தரவு போட்டது. காசு கொடுத்து வாங்கிய அரசுக்கே இந்த நிலை என்றால், காசும் கொடுக்காமல் ஸ்கேன் பண்ணி, ஓரத்தில் இருக்கும் கையெழுத்தையும் வெட்டிவிட்டு அச்சடிப்பவரைப் பற்றி என்ன சொல்ல?

சாஃப்ட்வேர் துறையில் இருப்பவன் என்பதால் இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. எங்கள் தொழிலே மறுபயன்பாட்டில்தான் ஓடுகிறது. நாங்கள் எழுதும் எந்தப் புரோகிராமை எடுத்தாலும் அதில் பெரும்பகுதி யாரோ முன்பே எழுதி ஓப்பன் சோர்ஸாகக் கொடுத்ததுதான். அதற்குக் காசு கிடையாது. ஆனால் நிபந்தனை உண்டு. அதிகம் புழக்கத்தில் இருக்கும் எம்.ஐ.டி. லைசென்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தமே சில பத்திகள்தான். எடுத்துக்கோ, மாற்றிக்கோ, விற்றுக்கோ, ஆனால் எழுதியவர் பெயர் உள்ள காப்புரிமைக் குறிப்பை மட்டும் நீக்காதே என்கிறது. உங்கள் மொபைலில் செட்டிங்ஸுக்குள் போய்ப் பாருங்கள், 'லைசென்ஸ்' என்று ஒரு பக்கம் இருக்கும். முடிவே இல்லாமல் பெயர்கள் போய்க்கொண்டே இருக்கும். யாரும் படிப்பதில்லைதான். ஆனாலும் கோடிக்கணக்கில் போன் விற்கும் நிறுவனம் அதைப் போட்டே ஆக வேண்டும். போனில் இடம் இருக்கிறது, 2,000 பக்க நாவலில் ஒரு வரிக்கு இடம் இல்லையா?

பதிப்பாளர்கள் சொல்லும் காரணங்கள் எனக்குத் தெரியும். முதலாவது, விலை ஏறிவிடும். பெயர் போடுவதற்கு விலை ஏறாது. உரிமைத்தொகை கொடுத்தால் கொஞ்சம் ஏறலாம், ஏறட்டுமே. பெட்டி எடைக்கும் கார்கோவுக்கும் ரியால் கொடுக்கும் நாங்கள் படம் வரைந்தவருக்கு நாலு ரூபாய் கூடுதலாகக் கொடுக்கமாட்டோமா? இரண்டாவது, "யார் வரைந்தது என்றே தெரியவில்லை, நெட்டில் கிடைத்தது." தெரியவில்லை என்றால் அதையே அச்சிடலாம்: 'ஓவியர் பெயர் தெரியவில்லை, அறிந்தவர்கள் தெரிவித்தால் அடுத்த பதிப்பில் சேர்ப்போம்' என்று. சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. பழைய பத்திரிகைகளை அங்கே பார்க்கலாம். எந்த இதழில் எந்த வாரம் யார் வரைந்தது என்று தேடினால் கிடைக்கும். உரிமையாளரைக் கண்டுபிடிக்கவே முடியாத படைப்புகளுக்கு அனுமதி கேட்கவும் நம் சட்டத்தில், 31ஏ பிரிவில், வழி வைத்திருக்கிறார்கள். மூன்றாவது, "எல்லாரும் இப்படித்தான் செய்றாங்க." 1974ல் வந்த முதல் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' பெட்டியிலேயே சில படங்கள் மார்வெல் காமிக்ஸைப் பார்த்து அப்படியே வரைந்தவைதான். வீட்டிலிருந்து தொடங்கிய தொழில், சின்னப் பையன்கள், அன்று யாரும் கேட்கவில்லை. ஆனால் அந்தத் துறை அங்கேயே நின்றுவிடவில்லை. இன்று அந்தப் புத்தகங்களில் பக்கவாரியாக ஓவியர் பெயர் போடுகிறார்கள்.

எதிர்க்கட்சிக்காரர்கள் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. பழைய படமே போதும் என்று உட்கார்ந்துவிட்டால் இன்று வரைகிற பிள்ளைகளுக்கு வேலை ஏது? மணியத்துக்கும் ஒரு காலத்தில் யாரோ முதல் வாய்ப்புக் கொடுத்ததால்தானே அவர் மணியம் ஆனார்? அதனால் பழைய படங்களோடு ஒரு அட்டையோ நாலு படமோ புதியவர் ஒருவரிடம் கேட்டு வாங்கிப் போடுங்கள் என்றுதான் சொல்வேன். வாங்குபவருக்கும் முன்கூட்டியே தெரிய வேண்டும். 'கல்கி இதழில் வந்த பழைய ஓவியங்களுடன்' என்று அட்டையிலேயே போட்டால் ஏமாந்தோம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். சொல்லப்போனால் அதற்காகவே வாங்குபவர்கள் இருக்காங்க.

இந்தப் பேச்சுக்கு இப்போது என்ன அவசரம் என்றால், செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. 2023 ஆகஸ்டில், அதே 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' புத்தகம் ஒன்றில் சில படங்கள் ஏ.ஐ. உதவியோடு செய்யப்பட்டவை என்று ரசிகர்கள் கண்டுபிடித்தார்கள். ஓவியரும் ஒப்புக்கொண்டார். நிறுவனம் ஏ.ஐ. பயன்படுத்தக் கூடாது என்று ஓவியர்களுக்கான விதியை மாற்றியது. எப்படிக் கண்டுபிடிக்க முடிந்தது? எந்தப் படம் யார் வரைந்தது என்ற கணக்கு அங்கே இருந்தது. நம் நிலைமை என்ன? பெயர் இல்லாமல் அச்சான பழைய படங்கள் இணையம் முழுக்கக் கிடக்கின்றன. நாளைக்கு ஒரு மெஷின் அதே பாணியில் ஒரு வந்தியத்தேவனை உருவாக்கித் தந்தால், இது மணியம் வரைந்தது, இது மெஷின் செய்தது என்று பிரித்துச் சொல்ல நம் கையில் என்ன சாட்சி இருக்கும்? பழைய புத்தகத்தின் அந்த ஒரு வரிதான் சாட்சி. அதைத்தான் நாம் விட்டுக்கொண்டிருக்கிறோம்.

கேட்பது பெரிய விஷயம் இல்லை. ஒவ்வொரு மறுபதிப்பிலும் ஓவியரின் பெயர், படம் முதலில் வந்த இதழ், வருஷம், இந்த மூன்றையும் போடுங்கள். உரிமைக் காலம் இருக்கும் வரை குடும்பத்திடமோ பத்திரிகையிடமோ அனுமதி கேளுங்கள். சென்னைப் புத்தகக் கண்காட்சியை நடத்தும் பபாசி இதைத் தன் உறுப்பினர்களுக்கு ஒரு நெறியாகச் சொல்லலாம். அரசும், எழுத்தாளர்களின் படைப்புகளை நாட்டுடைமை ஆக்கும்போது, கூட வந்த ஓவியங்களின் நிலை என்ன என்று ஆணையிலேயே தெளிவாகச் சொல்லலாம். வேண்டுமானால் ஓவியர் குடும்பத்துக்கும் ஒரு தொகை கொடுத்து அந்தப் படங்களையும் பொதுவாக்கலாம். அப்போது மலிவு விலைப் பதிப்பாளருக்கும் சிக்கல் இல்லை.

வாசகர்களாகிய நமக்கும் வேலை இருக்கிறது. ஊரிலிருந்து வருபவரிடம் புத்தகம் சொல்லிவிடும்போது, ஓவியர் பெயர் போட்ட பதிப்பாகப் பார்த்து வாங்கி வரச் சொல்வோம். பெயர் இல்லாத பதிப்பு கையில் வந்தால், அதில் போட்டிருக்கும் அதே தொலைபேசி எண்ணுக்கு ஒரு வாட்ஸ்அப் அனுப்பி, "படம் யாருங்க வரைஞ்சது?" என்று கேட்போம். பத்துப் பேர் கேட்டால் அடுத்த பதிப்பில் பெயர் வந்துவிடும்.

2029 ஜனவரி 1 அன்று மணியத்தின் படங்களும் சட்டப்படி எல்லோருக்கும் பொதுவாகிவிடும். அதன் பிறகு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம். பெயரைப் போடும் பழக்கம் அதற்குள் நமக்கு வந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு அவருக்கு நாம் கொடுக்கக்கூடியது அது ஒன்றுதான்.